காருக்குள்ளே ஒரு கச்சேரி

சபாவில் கச்சேரி கேட்க வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலோருக்கு முன் வரிசையில் இடம் பிடிக்கத்தான் ஆசை. ஆனால், கேட்டுக் கேட்டுப் பழுத்த பெரியவர் ஒருவர் இருப்பார். அவர் முன் வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, நடு மண்டபத்தில் ஒரு குறிப்பிட்ட தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். "இங்கேதான் ஸார், மிருதங்கத்தின் தொப்பி நாதம் சுத்தமாகக் காதில் விழும்" என்பார்.

பெரியவர் சொல்வதில் விஞ்ஞானம் இருக்கிறது. பாடகரின் குரல் நேராக நம் காதுக்கு வருவது கொஞ்சம்தான். சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பி வருவதுதான் அதிகம். எனவே சங்கீதம் என்பது பாடுகிறவரின் தொண்டையில் மட்டும் இல்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலும் இருக்கிறது!

அப்படியானால், சங்கீதம் கேட்பதற்கு உலகத்திலேயே மோசமான இடம் எது? ஓடுகிற மோட்டார் கார் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். நாலு பக்கமும் கண்ணாடி. நடுவிலே பஞ்சு வைத்த மெத்தை. கீழே எஞ்சின் உறுமல். வெளியே காற்றின் ஊளை. போதாததற்கு, ஒலிபெருக்கியோ முழங்காலுக்குப் பக்கத்தில்!

இந்த மோசமான இடத்தைப் பார்த்து, "இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது" என்று சொன்ன ஒரு மனிதர் இருந்தார். அதை நிரூபிப்பதற்காக அன்று உலகத்திலேயே பெரியதாக இருந்த மோட்டார் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தார். அந்தக் கூட்டுக்கு ஆதாரம், இருவர் கைகுலுக்கிக்கொண்டதுதான். அதை நம்பி அவர் இறக்கிய பணம் 1 கோடியே 30 லட்சம் டாலர்!

அவர் பெயர் அமர் போஸ்.

ஃபிலடெல்ஃபியாவில் ஒரு வங்காளி வீடு

அமர் போஸ் பிறந்தது 1929-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில். தந்தை நோனி கோபால் போஸ் வங்காளத்தைச் சேர்ந்தவர். கல்கத்தாவில் படித்துக்கொண்டிருந்தபோது வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போனார். பிறகு தப்பித்து 1920-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். தாயார் அமெரிக்கப் பெண்மணி, பள்ளிக்கூட ஆசிரியை.

அந்த நாளில் அந்த ஊரில் மாநிறத் தோலோடு வாழ்வது லேசான காரியம் அல்ல. குடும்பமாக ஓட்டலுக்குப் போனால் பரிமாற ஆள் வராதாம். காத்திருந்து காத்திருந்து எழுந்து வந்துவிட வேண்டியதுதான். இதை அமர் போஸ் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார்.

தந்தை இந்தியாவிலிருந்து சாமான்களை வரவழைத்து வியாபாரம் செய்துவந்தார். இரண்டாவது உலக யுத்தம் வந்தது. கப்பல் போக்குவரத்து நின்றது, வியாபாரமும் நின்றது. வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே, என்ன செய்வது?

மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. ரேடியோப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுவதில் பையனுக்குத் தீராத மோகம். "அப்பா, நீங்கள் போகும் கடைகளில் எல்லாம் 'இங்கே ரேடியோ ரிப்பேர் செய்து தரப்படும்' என்று ஒரு சீட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற மாதிரி ஒரு யோசனை சொன்னான். தந்தை அப்படியே செய்தார். பெட்டிகள் வந்து குவிந்தன. வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து பையன் அவற்றைப் பாட வைத்தான். குடும்பம் பிழைத்தது.

கூட்டு வியாபாரத்தின் முதல் பாடத்தை அந்தப் பையன் அங்கேயே கற்றுக்கொண்டான் என்று தோன்றுகிறது. கடை கடைக்காரர்களுடையது, அங்கே வந்துபோகிற ஜனங்களும் அவர்களுடைய வாடிக்கைக்காரர்கள். பையனிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அவர்களுக்குத் தெரியாத வேலை அவனுக்குத் தெரியும்!

ஏமாற்றிய பெட்டி

1947-இல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார் போஸ். சுருக்கமாக எம்.ஐ.டி. நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, இது அமெரிக்க எம்.ஐ.டி.! 1956-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஆராய்ச்சி முடிந்த சந்தோஷத்தில் தமக்குத் தாமே ஒரு பரிசு கொடுத்துக்கொள்ள நினைத்தார். சிறு வயதில் ஏழு வருஷம் பிடில் கற்றவர் அல்லவா? நல்ல இசைப்பெட்டியாக ஒன்று வாங்கினார். வாங்குமுன் அதன் விவரக் குறிப்புகளையெல்லாம் ஒரு எஞ்சினீயரின் கண்ணோடு படித்துப் பார்த்தார். எல்லாம் பிரமாதம். ஆனால் வீட்டில் வைத்து இசைத்தட்டைப் போட்டதும் முகம் சுளித்தார். பிடில், பிடில் மாதிரி இல்லை!

வேறு யாராவது இருந்தால் கடைக்காரரோடு சண்டை போட்டிருப்பார்கள். போஸ் தம்மோடு சண்டை போட்டுக்கொண்டார். "குறிப்பு நன்றாக இருக்கிறது, காதுக்கு நன்றாக இல்லை. அப்படியானால் எதை அளக்க வேண்டுமோ அதை நாம் அளக்கவில்லை" என்று முடிவு கட்டினார். சங்கீத மண்டபங்களில் நேராக வரும் நாதம் எவ்வளவு, சுவரில் மோதி வருவது எவ்வளவு என்று ஆராயத் தொடங்கினார்.

1964-இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். அதற்குப் பதினாயிரம் டாலர் கொடுத்தவர் யார் தெரியுமா? அவருடைய பேராசிரியர் ஒய். டபிள்யு. லீ! சிஷ்யனை நம்பிக் குரு மூலதனம் போட்டார். முதல் ஊழியராக வந்து சேர்ந்த ஷெர்வின் கிரீன்பிளாட்டோ போஸின் சொந்த மாணவர்.

1966-இல் வெளிவந்த முதல் ஒலிபெருக்கியை வாங்க ஆள் இல்லை. ஆனால் 1968-இல் வந்த '901' நிலைத்து நின்றது. விசித்திரமான பெட்டி அது. உள்ளே ஒன்பது சிறிய ஒலிபெருக்கிகள். அதில் ஒன்று மட்டும் கேட்பவரைப் பார்க்கும். மற்ற எட்டும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கும்! மண்டபத்தில் நடப்பது மாதிரியே, நாதம் சுவரில் மோதித் திரும்பி வரட்டும் என்பது ஏற்பாடு. இதை ஆஹா என்று கொண்டாடினவர்களும் உண்டு, "இது என்ன கூத்து?" என்று கேட்ட ரசிகர்களும் உண்டு. எப்படியோ கம்பெனி காலூன்றிவிட்டது.

ஆனால் '901' பெட்டிக்கு ஒரு தலைவலி இருந்தது. அதை வாங்குகிறவரின் வீட்டுச் சுவர் எப்படி இருக்கும் என்று போஸுக்குத் தெரியாது. ஒருவர் வீட்டில் வெறும் சுவர்; இன்னொருவர் வீட்டில் கனத்த திரைச்சீலை. ஒருவர் பெட்டியை மூலையில் வைப்பார். இன்னொருவர் ஜன்னல் ஓரத்தில் வைப்பார். பெட்டி ஒன்றுதான், பாட்டு வீட்டுக்கு வீடு வேறு!

காரைப் பார்த்தார்

இங்கேதான் கார் வருகிறது.

காரின் உள்கூடு ஒவ்வாத இடம்தான். ஆனாலும் ஒரே மாடல் கார் ஆயிரக் கணக்கில் செய்யப்படும்போது, எல்லாவற்றிலும் கண்ணாடி ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருக்கும். மெத்தையும் ஒரே துணி. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பவரின் காது எங்கே இருக்கும் என்று சாண் கணக்கில் சொல்லிவிடலாம்! வீட்டில் அவர் நாற்காலியில் இருப்பாரோ, சமையலறை வாசலில் நிற்பாரோ, யார் கண்டது? காரில் ஓட்டுகிறவர் எழுந்து உலாவ முடியுமா?

ஆக, வீட்டுக்குப் பெட்டி செய்கிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு அம்பு விடுகிறான். காருக்குச் செய்கிறவனுக்கோ குறி கண்ணெதிரே நிற்கிறது. போஸ் கண்டுபிடித்த சூட்சுமம் இதுதான்.

ஆனால் இந்தச் சூட்சுமத்தைத் தனியாளாகப் பயன்படுத்த முடியாது. அந்தக் காலத்தில் காருக்கு ஒலிபெருக்கி வைக்கிறவர்கள், தயாரான காரின் கதவில் ஒரு ஓட்டை போட்டு, வட்டமான ஒலிபெருக்கியைத் திருகிவிடுவது வழக்கம். கதவின் உட்புறம் வெறும் தகரக் குழி. ஒலிபெருக்கி தம் பிடித்துப் பாடினால் தகரமும் சேர்ந்து பாடும்! சரியாகச் செய்வதென்றால், ஒலிபெருக்கிக்கென்று மூடிய கூடு ஒன்று கதவுக்குள்ளே வேண்டும். கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறிக்கும் அங்கேதான் இடம் வேண்டும். கதவின் வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே இந்த இடச் சண்டையைத் தீர்த்தாக வேண்டும். அந்தக் காகிதம் யார் கையில் இருக்கிறது? கார் கம்பெனியின் கையில்!

யானையின் வாசலில்

1979-இல் அமர் போஸ் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியை அணுகினார். காடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபீல், செவர்லே என்று பல பெயர்களில் கார்களைச் செய்து குவித்துக்கொண்டிருந்த ராட்சதக் கம்பெனி. கார் ரேடியோ செய்வதற்கு டெல்கோ என்ற பிரிவு அதற்கு இருந்தது. இத்தனையும் வைத்துக்கொண்டிருக்கிறவர்கள், ஒரு வாத்தியாரின் சின்னக் கம்பெனிக்கு எதற்காகக் கதவைத் திறக்கவேண்டும்?

காரணம் உண்டு. டெல்கோவுக்கு ரேடியோ செய்யத் தெரியும். லட்சக் கணக்கில் செய்யத் தெரியும். வெயிலிலும் குளிரிலும் குலுங்கும் சாலையிலும் கெடாமல் செய்யத் தெரியும். ஆனால் காருக்குள் காது என்ன கேட்கிறது என்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாக வைத்துக்கொண்ட ஆள் அங்கே இல்லை. போஸிடம் அந்த வித்தை இருந்தது, கார் இல்லை. குருடனும் முடவனும் கூட்டுச் சேர்ந்த கதைதான். ஒருவன் வழி சொன்னான். ஒருவன் தூக்கி நடந்தான்!

இரு தரப்பும் பேசின, கைகுலுக்கின. அதுதான் உடன்படிக்கை. 'ஆராய்ச்சி செலவு எங்களுடையது. வெற்றி பெற்றால் வாங்கிக்கொள்ளுங்கள்' என்ற நிலையில் போஸ் கம்பெனி வேலையில் இறங்கியது. கம்பெனிக்குள்ளேயே சிலர், இது ஆபத்தான காரியம் என்றார்கள். அவர்கள் பயந்ததில் தவறு சொல்ல முடியாது. கையில காசு, வாயில தோசை என்பதுதானே வியாபாரம்? இங்கே காசு முழுக்கப் போகிறது. தோசை எப்போது வரும் என்று தெரியாது!

பயத்துக்கு ஏற்றாற்போலவே அடுத்த வருஷம் வந்தது. 1980-இல் அமெரிக்க மோட்டார் தொழில் படுத்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு 76 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 1921-க்குப் பிறகு அந்தக் கம்பெனி கண்ட முதல் நஷ்டம் அது! நஷ்டத்தில் இருக்கிற கம்பெனி, "பாட்டுப் பெட்டி இப்போது எதற்கு?" என்று கையை உதறினால், போஸ் யாரிடம் போய்க் கேட்பார்? கைகுலுக்கியதைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

நாலு வருஷத் தவம்

உதறவில்லை. ஆனால் வேலை முடிய நாலு வருஷம் பிடித்தது.

என்ன அவ்வளவு வேலை என்று கேட்பீர்கள். காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பக்கத்து ஒலிபெருக்கி கைக்கெட்டும் தூரம். இன்னொன்று எதிர்க் கோடி. பக்கத்தில் இருப்பது மற்றதை அமுக்கிவிடும். எந்தக் கோணத்தில் திருப்பி வைத்தால் இரண்டும் நிரவி வரும்? கண்ணாடி எந்தச் சுருதியைத் தூக்கிக் கொடுக்கிறது? மெத்தை எதை விழுங்குகிறது? ஓட்டுகிறவரின் காதுக்குச் சரியாக வைத்தால், பின்னால் இருக்கும் பாட்டியின் காதுக்கு எப்படி இருக்கிறது? ஒவ்வொரு ஆசனத்திலும் காது இருக்கும் இடத்தில் அளந்து பார்க்கவேண்டும். ஒரு மாடலுக்குக் கண்டுபிடித்த விடை அடுத்த மாடலுக்கு உதவாது. கண்ணாடி சாய்வு மாறினால் கணக்கும் மாறும்!

இன்னொரு சிக்கல். காரில் இருப்பது 12 வோல்ட் பாட்டரி. பாட்டைப் பெருக்கிக் கொடுக்கும் கருவி சாதாரணமானதாக இருந்தால், வாங்கும் மின்சாரத்தில் பெரும் பகுதியைச் சூடாகவே வீணாக்கிவிடும். மூடிய கதவுக்குள் அந்தச் சூடு எங்கே போகும்? போஸ் கம்பெனி ஆரம்ப நாட்களில் வயிற்றுப்பாட்டுக்காக ராணுவத்துக்கும் நாசாவுக்கும் மின்சக்திக் கருவிகள் சம்பந்தமான வேலைகள் செய்திருந்தது. மின்சாரத்தை அதிவேகமாக விட்டு விட்டுச் செலுத்தி, வீணாகாமல் காக்கும் உபாயம் அதற்குக் கை வந்திருந்தது. அந்த உபாயம் இங்கே கைகொடுத்தது. ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் அதனதன் கூட்டுக்குள்ளேயே தனித்தனிப் பெருக்கி வைத்துவிட்டார்கள். வயிற்றுக்காகக் கற்ற வித்தை எப்போது உதவும் என்று யாருக்குத் தெரியும்!

இந்த நாலு வருஷமும் போஸ் கம்பெனியால் தாக்குப்பிடிக்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதன் பங்குகள் சந்தையில் விற்கப்படவில்லை. சந்தையில் விற்றிருந்தால், "லாபம் எங்கே, டிவிடெண்ட் எங்கே?" என்று பங்குதாரர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நெருக்கியிருப்பார்கள். வந்த லாபத்தை மறுபடி ஆராய்ச்சியில் போடுவது என்பதில் போஸ் பிடிவாதமாக இருந்தார். வேறொருவர் நடத்தும் கம்பெனியில் இப்படிச் செய்திருந்தால் தம்மை நூறு தடவை வேலையைவிட்டு நீக்கியிருப்பார்கள் என்று பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரித்ததுண்டு.

இரண்டு பெயர்

1983-ஆம் வருஷத்து மாடல்களாக வந்த காடிலாக் செவில், காடிலாக் எல்டொரேடோ, பியூக் ரிவியேரா, ஓல்ட்ஸ்மொபீல் டொரொனேடோ ஆகிய நாலு கார்களில் அந்த இசைச் சாதனம் இடம்பெற்றது. விரும்புகிறவர்கள் தனியாகப் பணம் கட்டி வைத்துக்கொள்ளலாம். விலை சுமார் 900 டாலர். கொள்ளை விலைதான், ஆனாலும் வாங்கினார்கள்.

அந்த ரேடியோவின் முகப்பில் இரண்டு பெயர்கள் சேர்ந்து நின்றன: டெல்கோ, போஸ். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பெரிய கம்பெனிக்குச் சாமான் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனிகள் எத்தனையோ உண்டு. அவர்கள் செய்த சாமான் ஊரெல்லாம் ஓடும். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. நாளைக்குப் பெரியவர் வேறிடத்தில் வாங்கத் தொடங்கினால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். போஸின் பெயரோ, காரில் ஏறுகிற ஒவ்வொருவர் கண்ணிலும் பட்டது.

அதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் உண்டு. நாலு வருஷச் செலவைத் தானே ஏற்றதால், காருக்குள் நாதம் எப்படி நடந்துகொள்கிறது என்ற ஞானம் போஸ் கம்பெனியின் கையிலேயே தங்கியது. பின்னர் ஹோண்டா, நிஸ்ஸான், ஆடி, மெர்ஸிடஸ் பென்ஸ், மாஸ்டா என்று வேறு கார் கம்பெனிகளுக்கும் போஸின் சாதனங்கள் போய்ச் சேர்ந்தன. அன்று 1 கோடியே 30 லட்சம் டாலர் போனது வெறும் நாலு கார்களுக்காக அல்ல. ஒரு புதுத் தொழிலுக்கே அஸ்திவாரமாகத்தான்!

இத்தனைக்கும் நடுவில் அவர் வாத்தியார் வேலையை விட்டாரா? இல்லை. 2001 வரை, 45 வருஷம், எம்.ஐ.டி.யில் பாடம் நடத்தினார். 2011-இல் தம் கம்பெனிப் பங்குகளில் பெரும் பகுதியை அந்தக் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். கழகம் பங்குகளை விற்கக் கூடாது, நிர்வாகத்தில் தலையிடவும் கூடாது, வருமானத்தைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. குரு போட்ட பதினாயிரம் டாலர் எப்படித் திரும்பி வந்தது, பார்த்தீர்களா? 2013-இல் எண்பத்துமூன்றாவது வயதில் அமர் போஸ் காலமானார்.

பூவா, நாரா?

'ஆகவே, பத்திரம் கித்திரம் ஒன்றும் வேண்டாம். கைகுலுக்கினால் போதும்' என்று இந்தக் கதைக்கு நீதி எழுதிவிடாதீர்கள்! கைகுலுக்கலை நம்பி வீடு வாசல் இழந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார்.

இங்கே கைகுலுக்கல் நின்றதற்குக் காரணம், இரண்டு கைகளிலும் ஏதோ இருந்தது. ஒன்றில் கார், மற்றதில் வித்தை. ஒன்றை விட்டால் மற்றதற்குக் காரியம் ஆகாது. ஒருவேளை கூட்டு முறிந்திருந்தாலும் கற்ற வித்தை போஸோடு வந்திருக்கும். வெறுங்கையோடு போய் யானையின் வாலைப் பிடித்திருந்தால், யானை திரும்பிப் படுத்த அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பார்கள். பெரியவர்களோடு கூட்டுச் சேருகிற சின்னவர்களைப் பார்த்து இந்தப் பழமொழியைச் சொல்வது வழக்கம். ஆனால் ஃபிலடெல்ஃபியா நிலவறையில் ரேடியோ ரிப்பேர் செய்த அந்தப் பதின்மூன்று வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். பெரிய கடையில் அவனுடைய சின்னச் சீட்டுத் தொங்கியது. அங்கே மணம் யாருடையது? பிற்பாடு பெரிய காரில் அவன் பெயர் தொங்கியது. அங்கே பூ எது, நார் எது?

அடுத்த முறை எந்தக் காரிலாவது உட்கார்ந்து பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு யோசித்துப் பாருங்கள். பாட்டு நன்றாக இருந்தால் விடை தானே தெரியும்!